ஊர் என்று பெயர் பெறாத ஊர்கள்

வீட்டுக்குச் செல்ல ஒரு பாதை வேண்டும். பாதைக்கு ஒரு விளக்கு வேண்டும். குடிக்கத் தூய நீர் வேண்டும். பிள்ளைகள் படிக்க ஒரு வாசிகசாலை வேண்டும். இறந்தாரை அடக்கம் செய்ய ஆறடி மண் வேண்டும். இவற்றைக் கேட்பது புரட்சியன்று, சலுகையுமன்று. ஊர் என்ற ஒன்றில் வாழும் எவரும், அவ்வூருக்கென அமைந்த சபையிடம் உரிமையோடு கேட்கும் சாதாரணக் காரியங்களே இவை. ஆயினும் மலையகத்தின் தோட்டங்களில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்கள் இவற்றை யாரிடம் கேட்பது? துரையிடமா? தொழிற்சங்கத் தலைவரிடமா? நாடாளுமன்ற உறுப்பினரிடமா? பிரதேச சபையிடமா?

இந்தக் கேள்விக்கு நேரான விடை இன்றளவும் இல்லை. விடை இல்லாமற் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாமல், 2025 மே 6-ஆம் நாள் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் யார் வென்றார், யார் தோற்றார் என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பது, வேரை விட்டு இலைக்கு நீர் ஊற்றும் வேலையாகும்.

கிராமத்துக்குச் சபை, தோட்டத்துக்குத் துரை

1871-ஆம் ஆண்டில், ஆங்கிலேய ஆட்சியினர் கிராமச் சங்கங்களுக்குச் சட்டவுருவம் கொடுத்தனர். பழைய கம்சபை முறைக்குப் புத்துயிர் அளிப்பதாக அப்பொழுது சொல்லப்பட்டது. வயலும் குளமும், பாதையும் வேலியும், சிறு சச்சரவும் அச்சங்கங்களின் கவனத்துக்கு உரியவை. ஆனால் அதே காலத்தில் மலைச்சாரல்களில் வேறொரு உலகம் எழுந்துகொண்டிருந்தது. கோப்பி நட்ட கைகள், பின்னர் தேயிலை நட்டன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயங்களில் அடைக்கப்பட்டனர். அங்கே சங்கம் இல்லை, சபை இல்லை. பாதை போடுபவர் துரை; நீர் விடுபவர் துரை; மருந்து கொடுப்பதும் பள்ளி வைப்பதும் துரை. காம்பராவில் யார் குடியிருக்கலாம், யார் வெளியேற வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அவரே.

ஆகவே ஒரே மலையின் இரு பக்கங்களில் இரு ஆட்சிகள் நடந்தன. பள்ளத்திலிருந்த சிங்களக் கிராமத்துக்கு, அதிகாரம் குறைந்ததாயினும், ஒரு பொதுச் சபை இருந்தது. மேட்டிலிருந்த தோட்டத்துக்கு ஒரு தனியார் முதலாளி இருந்தார். கிராமத்தான் ஒரு சபையின் உறுப்பினன். தோட்டத்தான் ஒரு பேர்ப்புத்தகத்தின் பெயர். இந்த வேற்றுமையே இன்றுள்ள எல்லாத் தொல்லைகளுக்கும் முதல் வித்து.

1931-இல் டொனமூர் அரசியல் திட்டம் இந்நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமையைக் கொணர்ந்தது. அப்பொழுதே இந்திய வம்சாவளியினருக்கு நிரந்தர வதிவு முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. எனினும் அரசாங்க சபைத் தேர்தலில் அவர்களில் பலர் வாக்களித்தனர். அந்த அளவு உரிமைகூட அடிமட்டத்திற்கு இறங்கி வரவில்லை. 1937-ஆம் ஆண்டில் கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்த முற்பட்டபோது, தோட்டங்களில் வாழும் இந்தியத் தொழிலாளரை வாக்காளர் வரிசைக்கு வெளியே நிறுத்தும் ஏற்பாடு அதிற் காணப்பட்டது. இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. அதன்பின் இனத்தின் பெயர் நீங்கியது. தோட்டக் குடியிருப்பில் வசிக்கும் தொழிலாளர் என்ற பொதுப் பெயர் வந்து புகுந்தது. சட்டத்தோடு பழகியோர் இக்கலையை நன்கறிவர். ஆளின் பெயரை எழுதாமலே ஆளைக் குறிவைக்கும் கலை அது! லயத்தில் வாழ்ந்தவர் யார் என்பது சட்டம் எழுதியவருக்கும் தெரியும். சட்டத்தால் அடிபட்டவருக்கும் தெரியும்.

1939-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியபோது, மக்கள் மனத்திற் குமுறிக்கொண்டிருந்த குறைகளுள் இதுவும் ஒன்று. மத்திய அரசில் பங்கு கேட்பதற்கு முன்னரே, தம் வீட்டு வாசற் பாதையில் பங்கு மறுக்கப்பட்ட மக்கள் நாம்.

வாக்குப் போயிற்று; வாக்கு வந்தது; வாசல் திறக்கவில்லை

சுதந்திரத்தின் பின் நிகழ்ந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1949-ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கைப் பறித்தது. 1964 ஒக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 9,75,000 மனிதரை எண்ணிக்கையாக்கியது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்றனர். 1974-இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பங்கிட்டனர். சந்தையில் மூட்டைகளைப் பிரிப்பவர்கூட இதைவிடச் சற்றுத் தயங்கியே பிரிப்பர்.

1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாலேயே நாடற்றவர் என்ற பழி படிப்படியாக நீங்கியது. குடியுரிமை திரும்பியது, வாக்கும் திரும்பியது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று மக்கள் நம்பினர்.

இதற்கிடையே உள்ளூராட்சியின் உருவம் மாறியது. 1981-இல் பழைய கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவையும் நிலைக்கவில்லை. 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இன்றுள்ள அமைப்பை ஏற்படுத்திற்று. 1991-இல் அச்சபைகளுக்கு முதற் தேர்தல் நடந்தது. இப்பொழுது தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தனர். தம் பிரதிநிதிகளை அனுப்பினர். தவிசாளர் நாற்காலியிலும் தம்மவர் அமர்வதைக் கண்டு மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அச்சட்டத்தின் 33-ஆம் பிரிவு, கிராமத்தவருக்கு வீதி, கிணறு முதலிய பொது வசதிகளைச் செய்து கொடுப்பது பற்றியது. தோட்டம் கிராமமன்று, அது கம்பெனியின் காணி, ஆகவே சபையின் பணத்தை அங்கே செலவிட இயலாது என்று அப்பிரிவைக் காட்டிக் கை விரித்தனர். தோட்டத்தார் வாக்கினால் தெரிவான உறுப்பினர், தோட்டத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் போடவும் சட்டம் இடந்தரவில்லை!

இதிலுள்ள அநீதியின் முழு அளவைக் கவனிக்க வேண்டும். அதே சட்டம் பயிர்க் காணிகளின் மீது ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரத்தைச் சபைக்கு அளிக்கிறது. வரி வாங்கும்போது தோட்டம் எல்லைக்கு உள்ளே. செலவிடும்போது எல்லைக்கு வெளியே. வாக்குச் சீட்டை எண்ணும்போது தொழிலாளி குடிமகன். குழாய் நீர் கேட்கும்போது கம்பெனியின் ஆள். பாலை மட்டும் கறந்துகொண்டு, புல் போடுவது அடுத்த வீட்டாரின் கடமை என்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இந்த நிலை 31 ஆண்டுகள் நீடித்தது. 2018-ஆம் ஆண்டிலேயே 33-ஆம் பிரிவு திருத்தப்பட்டு, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் பணி செய்ய வழி திறந்தது. வரவேற்கத்தக்க திருத்தம், அதற்காக உழைத்தோர் யாவராயினும் நன்றிக்கு உரியவர்.

இரு பெருஞ் சபைகளின் கதை

இன்னொரு கொடுமையும் அதே காலத்தில் நீங்கிற்று. நுவரெலியா மாவட்டத்தின் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். அவர்கள் செறிந்து வாழும் நிலப்பரப்பின் பெரும்பகுதி நுவரெலியா, அம்பகமுவை என்னும் இரண்டே பிரதேச சபைகளுக்குள் அடக்கப்பட்டிருந்தது. இவ்விரு பிரதேசங்களிலும் 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி தனித்தனியே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். நாட்டின் பிற பாகங்களில் ஐம்பதாயிரத்துக்கும் குறைந்த மக்களுக்குத் தனிச் சபைகள் பல உள்ளன. ஒருவருக்கு ஒரு பானைச் சோறு. மற்றொருவருக்கு அதே பானையில் நாலில் ஒரு பங்கு!

பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவுக்கு அப்பால் அப்கொட்டிலோ வாழும் ஒரு தொழிலாளி, தன் பிரதேசத்தின் செயலகத்தில் ஒரு பத்திரம் பெற அட்டனைக் கடந்து கினிகத்தேனை வரை செல்ல வேண்டியிருந்தது. ஒரு நாட் சம்பளம் போயிற்று. பஸ் கூலி போயிற்று. அலுவலர் இல்லையென்றால் மறுநாட் சம்பளமும் போயிற்று. தூரம் என்பது வரைபடத்தில் மைலாகத் தோன்றும். ஏழையின் கணக்கில் அது அரிசியாகத் தோன்றும்.

2017-இல் அவ்விரு சபைகளும் பிரிக்கப்பட்டன. பழைய நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் பிறந்தன. பழைய அம்பகமுவையிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும் பிறந்தன. இரண்டு ஆறாயின. 2018 பெப்ரவரி 10-ஆம் நாள் புதிய வட்டார முறையில் தேர்தல் நடந்தது. 2019-இல் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகங்களைப் பத்தாக உயர்த்தவும் முடிவு செய்யப்பட்டது.

ஆனால் அவற்றின் முதல் ஆட்சிக்காலத்தின் முடிவு எப்படியிருந்தது? 2023 மார்ச்சில் நாடெங்கும் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலுக்குப் பணமில்லை என்றனர். ஈராண்டுக்கு மேல் சபைகள் மக்கள் பிரதிநிதிகளின்றி அதிகாரிகள் கையில் இருந்தன. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொண்ணூறு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற ஊர்ச் சபையை, ஒரு கையெழுத்தில் ஈராண்டு மூடி வைக்க முடிந்ததென்றால், நம் உரிமை எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை உணரலாம்.

சபை பிரிந்தது, ஊர் பிறந்ததா?

இங்கேதான் நாம் சிறிது கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு சபைகள் ஆறானதால் தோட்டம் ஊராகிவிடவில்லை. சபையின் அலுவலகம் அருகில் வந்தது, அவ்வளவே. அச்சபையின் கீழ் இருக்க வேண்டிய ஊர் இன்னும் பிறக்கவில்லை.

லயத்தின் நிலம் யாருடையது? 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயிற்று. 1992 முதல் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளின் கைக்கு மாறியது. சட்டத்தின் கண்ணில் அது அரசின் காணி. நடைமுறையில் அது கம்பெனியின் காணி. வாழ்பவனுக்கோ அது எவருடைய காணியோ! ஆகையால் சபை ஒரு பாதையைத் திருத்த முற்படினும் தோட்ட நிர்வாகத்தின் இசைவை எதிர்நோக்கி நிற்கிறது. தோட்டப் பாதை முறைப்படி சபைக்குக் கையளிக்கப்படாத வரையில் இந்தக் காத்திருப்பு தீராது.

ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். அவருடைய மகனுக்கு அரசாங்க வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருந்தது. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கே தங்கி, பிள்ளையின் கைக்குக் கிடைத்தபோது பரீட்சை முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. “ஐயா, இதற்கு வழக்குப் போடலாமா?” என்று கேட்டார். யார் மீது போடுவது? கடிதத்தின் மேல் எழுதப்பட்ட விலாசம் தோட்டத்தின் பெயர். பல நூறு குடும்பங்களுக்கு ஒரே விலாசம். வீட்டுக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை. தபாற்காரர் மீது தவறில்லை; கந்தோரில் எவரையும் குற்றவாளியாக்கச் சான்றில்லை. அந்தத் தாய்க்கு நாம் சட்டம் சொல்ல முடியவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினோம். விலாசம் இல்லாத மனிதனுக்கு நீதி வழங்குவது நீதிமன்றத்துக்கும் கடினமே.

பாதைக்குப் பெயரும் வீட்டுக்கு இலக்கமும் இடுவது உள்ளூராட்சியின் தொடக்கப் பாடம். அந்த முதற் பாடமே பல தோட்டங்களில் இன்னும் தொடங்கவில்லை.

ஜேர்மன் கிராமம் நமக்குச் சொல்வது

சபைகளை இன்னும் பெருக்கினால் வருமானம் போதாது, சிறு ஊர்களுக்குத் தனி அமைப்பு வீண் செலவு என்று சிலர் வாதிப்பர். இவ்வாதத்துக்கு விடை தேட நாம் ஜேர்மனியின் நாட்டுப்புறத்தை நோக்கலாம். அங்கே ரைன்லாந்து-பலத்தினேட் மாநிலத்தில் ஏறத்தாழ 2,300 ஊராட்சிகள் உள்ளன. அவற்றுட் பல, சில நூறு பேர் மட்டுமே வாழும் குக்கிராமங்கள். ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை உண்டு. ஊதியத் தொழிலாக அன்றிக் கௌரவப் பணியாகத் தலைமை தாங்கும் ஊர்த் தலைவர் உண்டு. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் தனிக் கந்தோரும் எழுதுவினைஞரும் இல்லை. பல ஊர்கள் சேர்ந்து ஒரு நிர்வாக ஒன்றியம் அமைத்து, கந்தோர், குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு, ஆரம்பப் பள்ளி ஆகியவற்றை அதன் பொறுப்பில் விடுகின்றன. ஊரின் சொந்தப் பாதையும் மண்டபமும் ஊர்ச் சபையின் கையில் நிற்கின்றன.

ஒன்றியங்கள் நிரந்தரமல்ல. ஐபெல் மலைநாட்டில் கில்புர்க் என்னும் ஊரின் பெயரால் அமைந்திருந்த ஒன்றியம் 2014-இல் கலைக்கப்பட்டு, அண்டையிலிருந்த பிற்புர்க் ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. செலவுச் சுருக்கம் கருதி அரசு செய்த ஏற்பாடு அது. ஆயினும் ஒன்றியம் கலைந்தபோது ஊர்கள் கலையவில்லை. கில்புர்க் கில்புர்க்காகவே இருந்தது. அதன் சபை கூடியது. அதன் பெயர் வழங்கியது.

நம் கதை இதற்கு நேர்மாறானது. நம்மிடம் மேலே ஒன்றியம் உண்டு. கீழே ஊர் இல்லை. ஆகவே அம்பகமுவை பிரிந்தாலும் சேர்ந்தாலும், தோட்டத்தில் வாழும் மனிதனின் நிலை பெரிதாக மாறுவதில்லை. எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பது இரண்டாவது கேள்வி. கோட்டுக்குள் இருப்பது ஊரா, கம்பெனியின் சொத்தா என்பதே முதற் கேள்வி.

நம்மவர் குற்றமும் உண்டு

பழியை முழுவதும் ஆட்சியாளர் தலையிற் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. உள்ளூராட்சியை நம் கட்சிகளும் சங்கங்களும் எவ்வாறு நடத்தின? கூட்டத்துக்கு ஆள் சேர்த்தவருக்குப் பரிசாக வேட்புமனு கொடுத்தோம். வரவு-செலவுத் திட்டத்தை வாசிக்கத் தெரியாதவரைத் தவிசாளராக்கினோம். ஒப்பந்தம் யாருக்கு என்பதில் காட்டிய அக்கறையை, ஒப்பந்த வேலை எவ்வாறு நடந்தது என்பதிற் காட்டவில்லை. 2018-இன் திருத்தம் வந்தபின் எத்தனை தோட்டப் பாதைகளைச் சபையின் பொறுப்பில் எடுக்கத் தீர்மானம் நிறைவேற்றினோம் என்று ஒவ்வோர் உறுப்பினரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். சந்தாப் பணம் வாங்கும் சங்கம் வேறு, வரிப் பணம் செலவிடும் சபை வேறு என்ற பேதத்தை நாம் மக்களுக்குக் கற்பிக்கவேயில்லை. துரையிடம் மனுக் கொடுத்துப் பழகிய கை, தலைவரிடம் மனுக் கொடுக்கும் கையாக மாறியதே தவிர, கேள்வி கேட்கும் கையாக மாறவில்லை.

இதை இனக் கோரிக்கை என்று திரித்துக் கூறுவோரும் உளர். அவர்களுக்குச் சொல்வோம்: அம்பகமுவையின் சிங்களக் கிராமத்தானும் இரண்டு இலட்சம் பேருக்கு ஒரு சபை என்ற ஏற்பாட்டால் நசுங்கியவனே. மலையின் மேலே வடிகால் சீராக இல்லாவிடில் சரியும் மண் தமிழன் லயத்தோடு நிற்பதில்லை. கீழேயுள்ள சிங்களவன் வீட்டையும் மூடுகிறது. தோட்டம் ஊராவது இருவருக்கும் காப்பு.

வேண்டுவன

ஆகவே புதிய சபைகளிடமும் அரசிடமும் நாம் வேண்டுவன இவை:

முதலாவது, தோட்டங்களின் பொதுப் பாதைகள், மயானங்கள், நீரூற்றுகள், விளையாட்டிடங்கள் ஆகியவற்றை அளந்து, வர்த்தமானியில் அறிவித்து, பிரதேச சபைகளின் உடைமையாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நிர்வாகத்தின் இசைவுக்குக் காத்து நிற்கும் இழிவு ஒழிய வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு பிரிவுக்கும் ஊர்ப் பெயரும், ஒவ்வொரு பாதைக்கும் பெயரும், ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் அளிக்க வேண்டும். கடிதம் கந்தோருக்கன்றி வீட்டு வாசலுக்கு வர வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. தகரமும் வண்ணமும் மனமும் போதும்.

மூன்றாவது, சபையின் கீழ் தோட்டந்தோறும் வாக்கினால் தெரிவாகும் ஊர்க் குழு ஒன்றைச் சட்டம் அங்கீகரிக்க வேண்டும். அக்குழுவின் முன் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சபையின் வரவும் செலவும் வாசிக்கப்பட வேண்டும். ஏக்கர் வரியாகத் தோட்டத்திலிருந்து வந்தது எவ்வளவு, தோட்டத்துக்குத் திரும்பியது எவ்வளவு என்று மக்கள் அறிய வேண்டும்.

நான்காவது, மாவட்டத்தின் பிரதேசங்கள் 1999-இல் இருமொழி நிர்வாகப் பிரதேசங்களாக அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு காகிதத்தில் உறங்காமல், தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் மறுமொழி வர வேண்டும்.

ஐந்தாவது, ஆட்சிக்காலம் முடிந்ததும் தேர்தல் நடந்தே தீர வேண்டும். பணமில்லை என்ற ஒரு சொல்லால் மக்கள் சபையை மூடும் வழி சட்டத்தில் அடைக்கப்பட வேண்டும்.

இவை யாவும் ஒரே நாளில் நிறைவேறும் என்று நாம் கனவு காணவில்லை. ஆனால் இரண்டாவது கோரிக்கையை எந்தச் சபையும் அடுத்த மாதமே தொடங்கலாம். நோர்வூட் தொடங்கட்டும், மஸ்கெலியா பின்தொடரட்டும், கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் போட்டியிடட்டும். எந்தச் சபை முந்துகிறது என்று மக்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

பனியிலும் அட்டைக் கடியிலும் இம்மலைகளை நாட்டின் செல்வமாக்கியவர் நம் முன்னோர். தாம் வாழ்ந்த இடத்துக்கு ஓர் ஊரின் பெயரைக்கூடத் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல இயலாமல் அவர்கள் தேயிலைத் தூருக்கே உரமாயினர். அந்தக் கடன் நம் தலைமுறையோடு தீர வேண்டும். நாளை ஒரு பிள்ளை தன் விலாசத்தை எழுதும்போது, கம்பெனியின் தோட்டத்தையன்று, தன் வீட்டின் இலக்கத்தையும், தன் பாதையின் பெயரையும், தன் ஊரின் பெயரையும் எழுத வேண்டும்.

அந்நாளிலேயே மலையகம் இந்நாட்டின் உள்ளூராட்சிக்குள் உண்மையாகக் குடிபுகுந்ததாக நாம் ஒப்புக்கொள்வோம். அதுவரை கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்!